குடும்பத்திலிருந்து வந்த பழைய கைக்கடிகாரம்: புதுப்பிக்கலாமா, அப்படியே வைக்கலாமா என்று முடிவெடுக்கும் முறை

அப்பாவோ தாத்தாவோ கட்டியிருந்த கைக்கடிகாரம் பீரோவிலிருந்து வெளியே வந்ததும், பெரும்பாலானோர் அதை அருகிலுள்ள கடைக்குக் கொண்டுபோய், "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். திரும்பி வருவது புது வண்ணம் பூசிய டயலும், பாலிஷ் போட்டு விளிம்பு மழுங்கிய கேஸும் (வெளிக்கூடும்) கொண்ட வேறொரு கடிகாரம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டதைச் செய்து கொடுத்தார்.

மெஷினைச் சர்வீஸ் செய்வது ஒரு முடிவு, கேஸைத் தொடுவது இன்னொரு முடிவு, டயலை மாற்றுவது மூன்றாவது முடிவு. இவற்றைத் தனித்தனியாக, இதே வரிசையில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் சாரம். முதலாவதைப் பின்னாளில் மீண்டும் செய்துகொள்ளலாம். கடைசியாகச் சொன்னதை ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, உலர்ந்த மென்மையான துணி, கைபேசிக் கேமரா, ஒரு நோட்டுப் புத்தகம், ஜிப் வைத்த சிறு பிளாஸ்டிக் பைகள் ஆகியவை போதும். பின்மூடியைத் திறக்கும் கருவியை இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். மூடி அழுத்தித் திறப்பதா, திருகித் திறப்பதா என்று தெரியாமல் கத்தியை நுழைத்து, மூடியில் ஆழமான கீறல் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிகாரத்தோடு வந்த டப்பா, உத்தரவாத அட்டை, பில், பழைய பட்டை ஆகிய எதையும் எறியாதீர்கள். வாங்கிய ஆண்டை உறுதியாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் அந்தப் பில் ஒன்றுதான்.

2. சாவி கொடுக்கும் ஆசையை அடக்குங்கள்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மெஷினில் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் முழுச் சாவி கொடுத்து நாள்கணக்கில் ஓட்டினால், மயிரிழை போன்ற அச்சுமுனைகள் உராய்ந்து தேயும். "ஓடுகிறதே, பிறகு சர்வீஸ் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஓடுவது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான்கைந்து சுற்று மட்டும் மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள். குமிழ் மேற்கொண்டு திரும்பாமல் இறுகி நின்றால், "அதிகமாகச் சாவி கொடுத்து உடைத்துவிட்டார்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். ஸ்பிரிங் முழுதாகச் சுற்றிய நிலையில் நிற்கிறது, பிசின் பிடித்ததால் சக்கரங்கள் நகரவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம். அதைச் சர்வீஸ் சரிசெய்துவிடும்.

சீக்கோ 5 வகையில் 7009, 6309 மெஷின் கொண்ட கடிகாரங்களுக்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். டயல் மேலே இருக்கும்படி பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தாலே அவை ஓடத் தொடங்கும்.

பேட்டரியில் ஓடும் கடிகாரமானால் நிலைமை வேறு. அதற்குள் செத்த பேட்டரி கிடந்தால் அன்றே கடைக்குப் போய் எடுத்துவிடச் சொல்லுங்கள். கசியும் திரவம் சுற்றுப்பலகையை அரிக்கும். கடிகாரம் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவற்றில் அவசரம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றே.

3. யாரும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள்

டயலை நேராகவும், பக்கவாட்டை நான்கு திசையிலும், பின்மூடியையும், குமிழையும் தெளிவாகப் படம் எடுங்கள். கடையில் மூடி திறக்கும்போது மெஷினையும் மூடியின் உட்புறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் உள்ளே ஊசியால் கீறிய சிறு எண்களும் தேதிகளும் இருக்கலாம். அவை முன்பு பழுதுபார்த்தவர்கள் தமக்காக வைத்த குறிப்புகள். கடிகாரம் எத்தனை முறை சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி இராது.

இந்தப் படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பாகம் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் பின்னால் எழுந்தால், கடைக்காரரும் நீங்களும் மனவருத்தம் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்மூடியில் பெயரோ, பணி ஓய்வு நாளோ, திருமண நாளோ பொறித்திருந்தால் அதைத் தனியாக நெருக்கத்தில் படம் எடுங்கள். "இந்த எழுத்தைத் தொடக்கூடாது" என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட பாலிஷில் போய்விடக்கூடியது அது.

4. கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். எது என்று தெரியாமல் செலவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எச்எம்டி: 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம். ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், காஞ்சன் எனப் பல பெயர்களில் வந்தன. கையால் சாவி கொடுக்கும் ஆண்கள் கடிகாரங்களில் மிகப் பரவலானது 17 கல் (உராய்வைக் குறைக்க அச்சுகளைத் தாங்கும் சிறு கற்கள்) வைத்த 0231 மெஷின். பல மாடல்களுக்கும் அது பொது என்பதால் உதிரிப்பாகம் கிடைப்பது எளிது. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபின், பாகங்கள் பழைய இருப்பிலிருந்தும் கழித்துப் போட்ட கடிகாரங்களிலிருந்தும்தான் வருகின்றன.

சீக்கோ, சிட்டிசன், ரிக்கோ: சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை. பழைய சீக்கோவின் பின்மூடியில் நான்கு இலக்கம், கோடு, மேலும் நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் மெஷினைக் குறிக்கும். தனியாக உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

சுவிஸ் கடிகாரங்கள்: பாவ்ரே லூபாவின் சீ கிங், சீ சீஃப், வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் சவார், கேமி, ரோமர், டைட்டோனி, சில வீடுகளில் ஒமேகா. விலையில் பெருத்த வேறுபாடு இருப்பது இந்த வகையில்தான். ஆகவே இவற்றில் பொறுமை மிக அவசியம்.

பேட்டரிக் கடிகாரங்கள்: டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் செய்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் இப்போது "தாத்தா கடிகாரம்" ஆகிவிட்டன. மெஷின் போய்விட்டால் அதே அளவு மெஷினை மாற்றுவதே நடைமுறை. பழையதைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

தங்க நிறத்தைப் பார்த்துத் தங்கம் என்று எண்ணிவிட வேண்டாம். "10 மைக்ரான்", "20 மைக்ரான்" என்று இருந்தால் அது முலாமின் தடிமன். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். கேஸ் உண்மையில் தங்கமாக இருந்தால் நகைக்கடைத் தராசுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எடைக்கு மட்டுமே விலை சொல்வார்கள். உருக்கப்பட்டதும் கடிகாரம் இல்லாமல் போகும்.

5. இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் நிறுத்துங்கள்

எண்களின் மீதும் முட்களின் மீதும் பழுப்பேறிய, மணல் போன்ற பூச்சு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1960களுக்கு முற்பட்ட கடிகாரத்தில் அது கதிர்வீச்சை உமிழும் ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் அபாயம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பது பொதுவான தவறு. ஒளி மங்கியது, உடன் கலந்திருந்த துத்தநாக சல்பைடு சிதைந்துபோனதால். ரேடியம்-226இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். அது அப்படியே இருக்கிறது.

மூடிய கடிகாரம் அலமாரியில் இருப்பதைவிட, கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூச்சைச் சுரண்டுவதுதான் பெரிய ஆபத்து. தூள் மூச்சிலோ வாயிலோ போகக்கூடாது. எனவே இத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள். கடையில் கொடுக்கும்போது முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள், ஏனெனில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்பவர் அவர்தான். டயலின் கீழ்விளிம்பில் ஆங்கிலத்தில் டி என்ற எழுத்து இருந்தால் அது டிரிடியம் என்ற வேறொரு கதிர்வீச்சுப் பொருள். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகளே என்பதால் கவலை வெகுவாகக் குறைவு. ஆனாலும் சுரண்ட வேண்டாம்.

6. எதற்காக, யாருக்காக என்று வீட்டில் பேசுங்கள்

கடிகாரத்தைத் தினமும் கட்டப் போகிறீர்களா, விசேஷ நாளில் மட்டுமா, நினைவாக வைக்கவா, விற்கவா? பதில் மாறினால் வேலையும் மாறும். விற்பதானால் எதையும் செய்யாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே நல்லது. வாங்குபவர் தனக்கு நம்பிக்கையான இடத்தில் சர்வீஸ் செய்துகொள்ள விரும்புவார்.

பரவலாகக் கிடைக்கும் கடிகாரத்துக்கு முழு சர்வீஸ் செலவு அதன் சந்தை விலையைத் தாண்டுவது சகஜம். இதைக் கேட்டுத் தயங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கே பொருந்தாது. அப்பாவின் ஜனதாவுக்குச் சந்தையில் மாற்று வாங்க முடியாது.

உடன்பிறந்தவர்கள் இருந்தால், அது யாரிடம் இருக்கப் போகிறது என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே பேசி முடியுங்கள். ஒருவர் புதுப்பித்துக் கொண்டுவந்ததைப் பார்த்து, "அப்பா கட்டியிருந்தது இப்படியா இருந்தது?" என்று அக்கா கேட்கும் வருத்தத்தைத் தவிர்க்கலாம்.

7. முதல் முடிவு: மெஷின்

மெஷினைச் சர்வீஸ் செய்வதற்குப் பெரும்பாலும் ஆம் என்றே சொல்வேன். வெளித்தோற்றம் மாறாது, தேய்மானம் நிற்கும். ஆனால் சர்வீஸ் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். மெஷின் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி, உலர்த்தி, அந்தந்த இடத்துக்கு உரிய எண்ணெயை மிகச் சிறு அளவில் இட்டு, மீண்டும் பூட்டி, நேரம் சரிசெய்வதே முழு சர்வீஸ்.

பல இடங்களில் இதற்குப் பதிலாக மெஷினைப் பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலாக எண்ணெய் விட்டுத் தந்துவிடுகிறார்கள். கடிகாரம் ஓடும், சில மாதம் நன்றாகவே ஓடும். கல்லுக்கு அடியிலும் ஸ்பிரிங் டப்பிக்குள்ளும் இருக்கும் பழைய பிசின் மட்டும் அங்கேயே இருக்கும், கரைந்த அழுக்கு வேறிடத்தில் போய்ப் படியும். ஆகவே விலை கேட்பதற்கு முன், "முழுதாகப் பிரித்துச் செய்வீர்களா?" என்று கேளுங்கள்.

துரு இருந்தால் கணக்கு மாறும். குமிழ் வழியாக வியர்வையும் ஈரமும் நுழைவதால், முதலில் துருப்பிடிப்பது குமிழோடு சேர்ந்த பாகங்கள், அவற்றை மாற்றலாம். முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சும், அதோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தால் அதே மெஷின் கொண்ட இன்னொரு கடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எச்எம்டிக்கும் சீக்கோ 5க்கும் அது சாத்தியம். பெயர் தெரியாத சுவிஸ் கடிகாரத்துக்கும், பெண்களுக்கான மிகச் சிறிய கடிகாரங்களுக்கும் அது பெரும் தேடலாகிவிடும். அங்கே ஓட்டாமல், வெளியே மட்டும் துடைத்து வைத்துக்கொள்வது முற்றிலும் முறையான முடிவு.

பேலன்ஸ் வேகமாகத் துடித்து நாளுக்குப் பல நிமிடம் முன்னே ஓடினால் உடனே பழுது என்று நினைக்காதீர்கள். காந்தம் ஏறி ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தம் இறக்கும் கருவி கடையில் இருக்கும். சில விநாடி வேலை.

8. இரண்டாவது முடிவு: கண்ணாடியும் கேஸும்

பழைய கடிகாரங்களின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். கீறலை மெருகுப் பசையால் தேய்த்தே எடுத்துவிடலாம், விரிசல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒமேகாவின் அசல் அக்ரிலிக் கண்ணாடியின் நடுவில் பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும் சிறு ஒமேகா குறி இருக்கும். அது இருந்தால் கடைசி வரை காப்பாற்றுங்கள்.

கேஸை மோட்டாரில் வைத்துப் பாலிஷ் போடுவதற்கு நான் பெரும்பாலும் இல்லை என்பேன். துருப்பிடிக்காத எஃகானால் பட்டையைப் பிடித்திருக்கும் காதுகளின் கூர்விளிம்பு மழுங்கிப்போகும். முலாம் பூசிய பித்தளையானால் முலாம் போய்ப் பித்தளை தெரியும், வியர்வை பட்டுக் கையில் பச்சை படியும். எது எஃகு என்று பார்க்கும்போது ஏமாந்துவிடாதீர்கள்: "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று பொறித்திருந்தால் மூடி மட்டுமே எஃகு.

அழுக்கை எடுக்க, மெஷினைக் கழற்றிய வெறும் கேஸைச் சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் கழுவித் தருமாறு கேளுங்கள். பாதிக் கடிகாரங்கள் இதிலேயே புதுப்பொலிவு பெற்றுவிடும்.

9. மூன்றாவது முடிவு: டயல்

இங்கேதான் மிக அதிகமான கடிகாரங்கள் பாழாகின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டயலை மறுபடி வண்ணம் பூசுவது என்றால் அசல் பூச்சையும் எழுத்தையும் முழுதாக நீக்கி, தகட்டை மெருகேற்றி, புதிதாக நிறம் அடித்து, பெயரையும் கோடுகளையும் அச்சிடுவது. அசல் எழுத்தின் மெல்லிய கோடுகள் திரும்பி வருவதில்லை. விளிம்பில் பழுத்த மஞ்சளும், கதிரவன் ஒளி பட்டு மாறிய நிறமும் கடிகாரத்தின் வயதுக்குச் சான்று. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான், வீட்டார் அடையாளம் கண்டுகொள்வதும் அதைத்தான்.

மறுவண்ணம் பூசிய பளபளப்பான டயலோடும் கலந்த பாகங்களோடும் இந்தியாவிலிருந்து விற்கப்படும் பழைய கடிகாரங்களைச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று ஒதுக்குகிறார்கள். கேமி, டைட்டோனி, பாவ்ரே லூபா, எச்எம்டி ஆகியவற்றில் இது மிகுதி. குடும்பத்தில் வாங்கிய நாள் முதல் வெளியே போகாத ஒரு கடிகாரத்தின் பெருமையே அது இந்தக் கலப்புக்கு ஆளாகாமல் இருப்பதுதான். அதை நாமே அந்த வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது.

டயலைத் துடைக்கவும் கூடாது. கண்ணாடி கழன்றிருக்கும்போது ஈரப்பஞ்சால் ஒருமுறை துடைத்து, பிராண்டின் பெயரே பஞ்சோடு வந்துவிட்டதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. மேல் பூச்சு பழையதானால் எழுத்து மிக லேசாகத்தான் ஒட்டியிருக்கும். தூசியைக் காற்று ஊதும் பந்தால் மட்டும் நீக்கச் சொல்லுங்கள்.

டயல் ஏற்கெனவே மறுவண்ணம் பூசப்பட்டதா என்பதையும் பாருங்கள். எழுத்து தடித்தோ சாய்ந்தோ இருப்பது, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்கோட்டில் பொருந்தாமல் இருப்பது, சுவிஸ் கடிகாரத்தின் டயலில் கீழ்விளிம்பில் இருக்க வேண்டிய "சுவிஸ் மேட்" இல்லாமல் இருப்பது, விளிம்பில் வண்ணம் வழிந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். அப்படியானால் இழக்க ஏதுமில்லை. நல்ல அசல் டயல் கிடைத்தால் மாற்றலாம், இருப்பதை அப்படியே கட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

ஈரம் புகுந்து பூச்சு உரிந்து, எழுத்தே இல்லாமல் போன டயல் என்றால் மட்டும் மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் அதே காலத்து அசல் டயலைத் தேடிப் பொருத்துவது முதல் வழி. மறுவண்ணம் கடைசி வழி. எதைச் செய்தாலும் பழைய டயலைத் திருப்பி வாங்குங்கள்.

10. யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

பேட்டரியும் பட்டையும் மாற்றும் கடைகள் ஏராளம். சாவிக் கடிகாரத்தை முழுதாகப் பிரிப்பவர்கள் குறைவு. அவரது மேசையில் நேரம் அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் நல்ல அறிகுறி. இல்லாவிட்டாலும், மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸ் வைத்துச் சில நிமிடம் பார்த்த பிறகே விலை சொல்பவரை நம்பலாம். கையில் வாங்கியவுடன் விலை சொல்பவரிடம் நன்றி கூறி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மெஷின் முழு சர்வீஸ், டயலைத் தொட வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், எந்தப் பாகம் மாற்றினாலும் முன்பே கேட்க வேண்டும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். வாயால் சொன்னது கடையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது மறந்துபோகும். அசல் குமிழில் நிறுவனக் குறி இருந்தால், தேய்ந்திருந்தாலும் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரப்படுத்தாதீர்கள். பூட்டிய பிறகு சில நாள் ஓடவிட்டுப் பார்த்துத் தருபவரே சரியானவர். திருமணத்துக்கு முந்தின வாரம் கொண்டுபோய் நிற்பது அவருக்கும் உங்களுக்கும் நல்லதல்ல.

11. திரும்பி வந்ததும் சோதிப்பது

கடையிலேயே பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். டைம்கிராஃபர் இருந்தால் அளவைக் காட்டச் சொல்லுங்கள். எச்எம்டி 0231 போன்றவை மணிக்கு 18,000 துடிப்பு, அந்தக் கால சீக்கோ 5 பெரும்பாலும் 21,600. முழுச் சாவியில், டயல் மேலே இருக்கும் நிலையில், பேலன்ஸ் வீச்சு (அந்தச் சக்கரம் ஒரு பக்கமாகச் சுழலும் கோணம்) 250 பாகைக்கு மேல் இருந்தால் நிறைவு. 200க்குக் கீழே இருந்தால் பிசினோ தேய்மானமோ இன்னும் மீதம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் காலை ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, கைபேசி நேரத்தோடு ஒரு வாரம் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். நாளுக்கு அரை நிமிடம் முன்பின் இருப்பது இந்த வயதுக் கடிகாரத்துக்குக் குறையாகாது. ஒரு நாள் முன்னும் மறுநாள் பின்னும் தாறுமாறாகப் போனால் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "சரியா ஓடல" என்பதைவிட அந்த எண்கள் அவருக்கு வழிகாட்டும்.

12. கட்டிக்கொள்ளும்போதும் எடுத்து வைக்கும்போதும்

மூடியில் நீர் புகாதது என்று பொறித்திருந்தாலும் நம்ப வேண்டாம். ரப்பர் வளையம் எப்போதோ கெட்டிருக்கும். நனைந்துவிட்டால் அரிசிப் பானையில் புதைக்காமல் அன்றே கடைக்கு ஓடுங்கள். ஓரிரு நாளிலேயே துரு தொடங்கிவிடும். தேதி காட்டும் கடிகாரத்தில் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியை விரைவாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அந்நேரத்தில் பற்சக்கரங்கள் கோத்திருப்பதால் பல் உடையும்.

கடலோர ஊர்களில் ஈரக்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒலிபெருக்கி, கைபேசி உறையின் காந்தம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிடலாம். தினமும் கட்டினால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் தேவைப்படும்.

கழற்றிய பாகங்கள், பழைய பில், நீங்கள் எடுத்த படங்களின் அச்சுப் பிரதி, யார் எப்போது வாங்கினார், எந்த ஆண்டு என்ன வேலை நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் அதே டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் மாடலின் பெயரையும் மெஷின் எண்ணையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.